உப்புத் தண்ணீரும் தண்ணிச் சோப்பும்

என் கணவரின் உண்மையான நிறம் என்னவென்று கல்யாணமாகி வெகுநாள் வரை எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்று நலங்கு மாவும் சந்தனமும் பூசி மறைத்திருந்தார்கள். மறுவாரமே பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டிவந்துவிட்டார். அதன்பிறகு காலையில் ஒரு கறுப்பு, மாலையில் அதைவிடக் கறுப்பு என்றுதான் அவரைப் பார்த்தேன். எழுபதுகளின் நடுவில் ஊரைச் சுற்றிலும் புதிது புதிதாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒரு பவுண்டரியில் அவருக்கு வேலை. உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு மண்ணில் அச்சு செய்பவர். அந்த மண்ணில் களிமண் தூளும் நிலக்கரித் தூளும் கலந்திருக்கும். அதைக் கையால் பிசைந்து, கையால் தட்டி, கையால் தடவிப் பதம் பார்க்க வேண்டும். கையுறை போட்டால் மண் பேசாது என்பார். மண் பேசுகிறதோ இல்லையோ, அவர் கை எப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தது. உள்ளங்கை முழுக்க வெடிப்பு. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வயல் காய்ந்த மாதிரி கோடு கோடாகப் பிளந்திருக்கும்.

நாங்கள் குடியிருந்தது ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு லைன் வீட்டில். வரிசையாக ஒரே சுவரைப் பகிர்ந்த வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, கிணற்றை ஒட்டித் தட்டி கட்டி மறைத்த குளிக்கும் இடம். கிணற்றுத் தண்ணீர் உப்பு. பழவேற்காட்டு உப்பங்கழியின் உப்பு நிலத்துக்கு அடியில் நடந்தே எங்கள் கிணறு வரைக்கும் வந்துவிட்டதென்று சொல்வார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, டீ போட்டால் பால் திரிந்துபோகும். குடிக்கவும் சமைக்கவும் ஊர் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவருவோம். குளிக்க, துவைக்க எல்லாம் உப்புத் தண்ணீர்தான். சோப்பு அதில் நுரைக்காது. அதனால் எங்கள் லைனில் ஆண்கள் யாரும் வாசனைச் சோப்பு போட்டுக் குளிப்பதில்லை. துணி துவைக்கிற சவுக்காரக் கட்டி, அதுவும் போதாவிட்டால் ஒரு சிட்டிகைச் சலவைச் சோடா, மேலே தேங்காய் நார். என் கணவர் இந்த மூன்றையும் போட்டுத் தன் உடம்பைப் பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்ப்பார். குளித்துவிட்டு வந்தால் கைகால் எல்லாம் சாம்பல் பூத்திருக்கும். ஒரு மணி நேரத்தில் சொறிய ஆரம்பிப்பார். எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்பது எங்கள் லைனுக்கே தெரியும்.

வைகாசியில் எங்களுக்கு மகள் பிறந்தாள். தலைப்பிரசவம் என்பதால் பொன்னேரியில் அம்மா வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறி வந்து பார்ப்பார். மாமனார் வீட்டில் பச்சைக் குழந்தையைத் தூக்க வெட்கம். தூளியை விலக்கி முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போவார். ஆவணியில் குழந்தையோடு கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பினேன். லைன் முழுக்க வாசலில் நின்று ஆரத்தி எடுத்தது. வீட்டுக்குள் வந்ததும் அவர் இரண்டு கையையும் நீட்டினார். நான் குழந்தையை வைத்தேன். அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கியவர், தன் முகத்துக்கு நேரே கொண்டுபோய்ச் சிரித்தார். அவ்வளவுதான், குழந்தை வீறிட்டு அலறியது. என்னவென்று வாங்கிப் பார்த்தால் விலாவில் இரண்டு பக்கமும் சிவப்புச் சிவப்பாகக் கீறல்.

"ஒண்ணுமில்ல, கை பட்டுக்கிச்சி" என்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டில் எளாவூர்க்கார அக்கா ஒருத்தி இருந்தாள். அவளுக்கு நாலு ஊர் வம்பும் நல்ல மனசும் ஒரே அளவு உண்டு. அழுகிற குழந்தையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "உன் நைனா கையாடி அது? உப்புக் காயிதம்டி, உப்புக் காயிதம்! மரத்தத் தேய்க்கிற காயிதத்தால உன்னியத் தேச்சிட்டாரா?" என்று கொஞ்சினாள். வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அன்றைக்குப் பிறகு அவர் குழந்தையைத் தொடவில்லை. முதலில் எனக்கு அது தெரியவில்லை. வேலை, அசதி என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் கவனித்தேன். குழந்தை பாயில் கிடந்து கைகாலை உதைத்துக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் மூக்கைப் பிடிக்கக் கை நீட்டியது. அவர் மூக்கைக் கொடுத்தார், கையைக் கொடுக்கவில்லை. இப்படியே விட்டால் இந்த மனிதர் தன் மகளை ஆயுசுக்கும் தள்ளி நின்று பார்த்தே வளர்த்துவிடுவார் என்று பயம் பிடித்துக்கொண்டது.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். மருந்துக்கடைக் களிம்பு வாங்கிவந்தார். மாமியார் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றிவந்தார். எண்ணெய் தடவினால் அது வெடிப்பின் மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது. மறுநாள் அதில் மண் ஒட்டிக்கொண்டு இன்னும் எரியும். எதைப் பூசினாலும் சாயங்காலம் சவுக்காரமும் சோடாவும் நாரும் வந்து துடைத்தெடுத்துக்கொண்டு போய்விடும்.

என் அண்ணன் அப்போது சென்னை போகிற சாலையில் ஒரு சின்னக் கொட்டகையில் சோப்பு காய்ச்சும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். புரட்டாசியில் ஒரு நாள் சைக்கிள் கேரியரில் ஒரு தகரக் கேனைக் கட்டிக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே பொன்னிறத்தில் கெட்டியாக ஏதோ இருந்தது.

"இன்னாண்ணா இது, தேனா?"

"பாத்தா தேனாட்டம்தான் கீது. சோப்பும்மா. தண்ணிச் சோப்பு. ஆஸ்பத்திரிங்களுக்குப் போவுது. சீமையில ஆலிவ் எண்ணெய்ல காய்ச்சுவாங்களாம், காஸ்டைல்னு பேராம். எங்க மொதலாளி தேங்காயெண்ணெயும் கடலெண்ணெயும் வுட்டுக் காய்ச்சறாரு. மாட்டுக் கொழுப்பு கெடையாது, சலவைச் சோடா கெடையாது. மச்சான் ஒடம்புக்கு நல்லதுன்னுதான் எடுத்தாந்தேன். கெட்டி சரக்கு, கொஞ்சம் ஊத்துனா போதும்."

கொஞ்சம் ஊற்றினால் போதும் என்று அண்ணன் சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டோம். ஆனால் எங்கள் லைனுக்குச் சோப்பைப் பற்றி ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. நுரை வருகிற வரைக்கும் போட வேண்டும். நுரை வராத சோப்பு சோப்பே இல்லை. உப்புத் தண்ணீரோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு வேறு எந்த அளவும் தெரியாது. கட்டிச் சோப்பாக இருந்தால் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோய் நிறுத்திவிடுவோம். இது ஊற்றுகிற சோப்பு. ஊற்றுவதற்குக் கை ஓயுமா?

அன்று சாயங்காலம் அவர் தட்டிக்குள் போனார். உப்புத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டார். கேனைச் சாய்த்துக் கை நிறையத் தண்ணிச் சோப்பை வாங்கி அப்படியே உடம்பில் பூசினார். நுரை வரவில்லை. தோலின் மேல் திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றது. இன்னும் ஊற்றினார். திட்டு இன்னும் அதிகமானது, உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்தப் பிசுக்கைப் போக்க நாரை எடுத்துத் தேய்த்தார். லைனில் மற்றவர்களும் ஆளுக்கு ஒரு கிண்ணம் வாங்கிப்போய் இதையேதான் செய்தார்கள். மறுநாள் காலையில் கிணற்றடியில் பெண்கள் எல்லாரும் கயிறு திரித்த மாதிரி தலைமுடியோடு நின்று என் அண்ணனை வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்தை இங்கே எழுத முடியாது.

என் கணவருக்குத்தான் பேரிடி. இரண்டு நாளில் பழைய வெடிப்புகள் ஆழமாகப் பிளந்தன. புதிதாகத் தோள்பட்டையிலும் கழுத்திலும் தோல் சாம்பலாகி உரிந்தது. சோற்றைப் பிசைந்தால் விரலிடுக்கில் உப்பு எரிந்து கையை உதறினார். ஸ்பூனால் சாப்பிட்டார். நான் அண்ணனைத் திட்டினேன், சோப்பைத் திட்டினேன், அவரையும் திட்டினேன்.

"இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றார் அவர். "வுட்டுரு. கொழந்தைக்கு இன்னா, நீ கீற, உங்கம்மா கீறாங்க. நான் எட்ட இருந்து பாத்துக்கினு இருந்தா போதாதா?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டு மறந்திருப்பேன். சமாதானமாகச் சொன்னார். ஏற்கெனவே முடிவுசெய்துவிட்ட குரல் அது. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்று அழுதேன்.

ஆயுத பூஜைக்கு பவுண்டரியில் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. உலைக்கு மாலை போட்டிருந்தது. எந்திரங்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. பொரி வாங்கிக்கொண்டு எல்லாரும் கலைந்த பிறகு, "வா, ஒண்ணு காட்றேன்" என்று ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். தரையில் இரும்புச் சட்டம் போட்ட பெட்டி ஒன்று மண் நிரம்பி இருந்தது. மறுநாள் வார்ப்பதற்காக முடித்துவைத்த அச்சு. மேல்பாதியை அவரும் இன்னொருவருமாகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். கறுப்பு மண்ணுக்குள் ஒரு பெரிய பல்சக்கரத்தின் உருவம் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு பல்லும் கத்தி போட்டு நறுக்கியதைப் போலக் கூர்மை. ஓரங்களில் ஒரு மணல்கூடப் பிசகவில்லை. வெறும் மண் இப்படி நிற்குமா என்று எனக்கு நம்பவே முடியவில்லை. இன்னும் கிட்டப் போனேன்.

"மூச்சு வுடாத" என்றார். "காத்து பட்டா ஓரம் ஒதிரும்."

எங்கேயோ ஒரு பல்லின் ஓரத்தில் ஒரு துணுக்கு மண் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் சுண்டுவிரலால் அதைத் தொட்டார். தொட்டாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. துணுக்கு மட்டும் அங்கே இல்லை. மூச்சுப் பட்டால் உதிர்கிற மண்ணை உதிராமல் தொடத் தெரிந்த கை இது. இந்தக் கைதான் குழந்தையைக் கண்டால் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

ஓரமாகக் குவிந்திருந்த அதே மண்ணில் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து உதறிவிட்டுப் பார்த்தால் கை சுண்ணாம்பைத் தொட்டது போல வறண்டிருந்தது. அந்த மண் ஈரத்தைக் குடிக்கிற மண். பகலெல்லாம் அது குடிக்கிறது, மிச்சத்தைச் சாயங்காலம் சவுக்காரம் குடிக்கிறது. அந்தத் தோலுக்கு என்னதான் மிஞ்சும்?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள், கூரையின் அழுக்கெல்லாம் கழுவிப்போய்த் தண்ணீர் தெளிவாக விழ ஆரம்பித்ததும், சிமெண்ட் ஷீட்டின் ஓரத்தில் அண்டாவை வைத்தேன். மழை நாளில் எல்லாரும் செய்வதுதான். அப்போது மூலையில் கிடந்த தண்ணிச் சோப்புக் கேன் கண்ணில் பட்டது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். கழுவிவிட்டால் மண்ணெண்ணெய் வாங்கவாவது உதவும் என்று வாசலுக்கு எடுத்துவந்தேன். மிச்சமிருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றி ஓரமாக வைத்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்ததைக் கழுவுவதற்காக அண்டாவிலிருந்து ஒரு சொம்பு மழைத்தண்ணீரைக் கேனுக்குள் ஊற்றிக் குலுக்கினேன்.

கேன் பொங்கியது. வாயிலிருந்து வெள்ளை வெளேரென்று நுரை எழும்பி வந்தது. வழித்துக் கீழே போட்டேன், இன்னும் வந்தது. கவிழ்த்தேன், வந்துகொண்டே இருந்தது. என் முழங்கை வரைக்கும் நுரை. வாசலில் ஓடிய மழைத்தண்ணீரில் கலந்து லைனின் கடைசி வீடு வரைக்கும் மிதந்து போனது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்கள். நான் கொட்டுகிற மழையில் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கேனின் அடியில் என்ன இருந்திருக்கும், ஒரு ஸ்பூன்கூட இருக்காது. அந்த ஒரு ஸ்பூனுக்குள் இவ்வளவு நுரை எங்கே ஒளிந்திருந்தது?

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடி, பால் காய்ச்சறியா? யாரு ஊடு கிரகப்பிரவேசம்?" என்று கேட்டாள்.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சவுக்காரத்தைத் தொட்டால் விரல் சுருங்கி, தோல் இழுத்துப்பிடிக்கும். இப்போது அப்படி எதுவும் இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. உள்ளே ஓடிப்போய் இரண்டு சொம்பு எடுத்தேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் மழைத்தண்ணீர். இரண்டிலும் அரை டீஸ்பூன் தண்ணிச் சோப்பு விட்டுக் கலக்கினேன். கிணற்றுத் தண்ணீர் அதே பழைய திரிந்த பாலாகிவிட்டது. மழைத்தண்ணீர் சொம்பின் விளிம்பு வரை நுரைத்து நின்றது. எனக்குப் பருப்பு ஞாபகம் வந்தது. உப்புத் தண்ணீரில் வேகாத பருப்பை எத்தனை படி கொட்டினாலும் வேகுமா? நாங்கள் அதைத்தான் செய்திருக்கிறோம். சோப்பு கெட்டதில்லை. தண்ணீர் உப்பு. அது நுரைக்கவில்லை என்று சோப்பைக் குடம் குடமாக ஊற்றி, திரிந்ததைத் தோலில் அப்பி, நாரால் வேறு கீறியிருக்கிறோம். ஆகாயத்திலிருந்து விழுகிற தண்ணீரில் அரை ஸ்பூன் போதும் என்பது எனக்கு அப்போது ஏதோ சாமி காரியம் போலவே பட்டது. இன்றைக்கும் அந்த எண்ணம் முழுதாகப் போய்விடவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். மாட்டேன் என்றார்.

"அந்தச் சோப்பா? சாமி, ஆள வுடு. ஒருதரம் பட்டது போதும்."

"இது வேற மாதிரிங்க. நான் பாத்துட்டேன். வந்து ஒக்காருங்க."

"தண்ணி மாறுனா சோப்பு மாறிடுமா? யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க."

எனக்குப் பொறுமை போனது, கூடவே மரியாதையும் போனது. "சிரிக்கிறவங்களா உன் கொழந்தையத் தூக்கப் போறாங்க? வந்து ஒக்காருன்னா ஒக்காருய்யா!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் ரேடியோச் சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் வந்து தட்டிக்குள் உட்கார்ந்தார்.

மழைத்தண்ணீரைக் கைச்சூட்டுக்குக் காய்ச்சியிருந்தேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் எண்ணெய்ச் சட்டிப் பிசுக்கு போகிற மாதிரி உடம்பின் பசையும் போய்விடுமே என்று பயம். முதலில் வெறும் தண்ணீரால் நனைத்தேன். பிறகு அரை ஸ்பூன் கலந்த சொம்பில் பழைய வேட்டித் துணியை முக்கி, பிழிந்து, நுரையை மட்டும் எடுத்து முதுகில் வைத்தேன். அழுத்தித் தேய்க்கவில்லை, தடவிக்கொடுத்தேன். நிலக்கரித் தூள் கறுப்புக் கறுப்பாக இறங்கி ஓடியது. அவர் எரிச்சலுக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எரியவில்லை. தோளை மெல்ல இறக்கினார்.

முதுகில் தண்ணீரை ஊற்றினேன். நுரை விலகியது. நான் கைச்சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன். அவர் மாநிறம். பனங்கற்கண்டு நிறம். இத்தனை நாளாக நான் குடும்பம் நடத்திய மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"இன்னா, ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல, ஒக்காருங்க" என்றேன். மரியாதை திரும்பிவந்திருந்தது.

மழைக்காற்றில் அவர் நடுங்கினார். துவட்டுவதற்குக்கூடப் பொறுக்காமல், ஈரக் கையிலேயே நாலு சொட்டுத் தேங்காயெண்ணெயை எடுத்து அவர் மணிக்கட்டில் தேய்த்துவிட்டேன். வெடிப்பின் மேலேயே நிற்கிற எண்ணெய் அன்றைக்கு ஈரத்தோடு சேர்ந்து உள்ளே போனது. துண்டை வைத்து ஒற்றி எடுத்த பிறகும் தோல் மினுங்கியது. இரவு அவர் சொறியாமல் தூங்கினார். நான்தான் தூங்காமல் அந்த நிறத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை நிற்கிற வரைக்கும் வீட்டில் தவலை, குடம், டபரா எல்லாம் கூரைக்கு அடியில் வரிசை கட்டி நின்றன. தினமும் அதே அரை ஸ்பூன், அதே துணி, ஈரத்தில் எண்ணெய். கார்த்திகையில் முழங்கைக் கோடுகள் மங்கின. ஆனால் மழையும் குறைந்தது. அண்டா காலியானதும் நான் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் கூடுதலாகக் கொண்டுவந்து அவர் குளிப்பதற்கு வைத்தேன். அது எங்கள் லைனில் பெரிய விவகாரம் ஆகிவிட்டது.

"குடிக்கிற தண்ணியில ஆம்பளைய குளிப்பாட்றியா?" என்று எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டாள். "தல மேல தூக்கினு வர்ற தண்ணிடி. அவரு இன்னா சாமியா, அபிஷேகம் பண்றதுக்கு?"

"ஆமாக்கா, சாமிதான். நீ வேணும்னா தேங்கா ஒடச்சிட்டுப் போ" என்றேன்.

அவள் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவளே வந்து தன் வீட்டுக்காரருக்கு அரை ஸ்பூன் கேட்டு வாங்கிப்போனாள். அந்த ஒரு குடத்தையும் அடுத்த வாரத்திலிருந்து என் கணவரே சைக்கிளில் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். நுரை போட ஒரு சொம்பு, அலச மிச்சம். அதற்குமேல் தேவைப்படவில்லை.

மார்கழியில் உள்ளங்கை மூடிக்கொண்டது. பகலெல்லாம் மண்ணில் கிடக்கிற கை, பூப்போல ஆகிவிட்டது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். காய்ப்பு இருந்தது. ஆனால் வெடிப்பு இல்லை, சொரசொரப்பு இல்லை. நானே என் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். இனி என்ன, இன்றைக்குத் தூக்குவார், நாளைக்குத் தூக்குவார் என்று காத்திருந்தேன். அவர் தூக்கவில்லை. குழந்தைக்கு எதிரில் உட்கார்ந்தால் கை தானாக முதுகுக்குப் போனது. அவள் அதற்குள் உட்காரப் பழகி, அவரைப் பார்த்துத் தாவ ஆரம்பித்திருந்தாள். அவர் கண்ணைச் சிமிட்டுவார், நாக்கைத் துருத்துவார், சொடக்குப் போட்டுக் காட்டுவார், அதுவும் எட்ட இருந்தே. தோல் ஆறிவிட்டது, அந்த அலறல் அவருக்குள் ஆறவில்லை. இதற்கு எந்தத் தண்ணீரில் எந்தச் சோப்பைக் கலக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். கிணற்றடியில் முக்காலியைப் போட்டுக் காலை நீட்டி, குழந்தையைக் காலின்மேல் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுத் தண்ணிச் சோப்பு, ஒரு சொம்பு நல்ல தண்ணீர். லைன் பெண்கள் எல்லாரும் துணியோடு சுற்றிலும் இருந்தார்கள். அவர் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"இங்க வாங்க. ஒக்காருங்க. காலை நீட்டுங்க" என்றேன். எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்தார். நுரையோடு குழந்தையைத் தூக்கி அவர் காலின்மேல் போட்டேன்.

"ஏமே, ஏமே, இன்னா பண்ற! வழுக்குதுமே!"

"வழுக்கும். புடிச்சிக்கிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்றேன்.

எங்கள் லைனில் எந்த ஆணும் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியதில்லை. துணி அடிக்கிற சத்தம் நின்றுபோனது. அவருக்கு வேறு வழியில்லை. கை முன்னால் வந்தது. குழந்தையின் முதுகுக்கு ஒரு அங்குலத்துக்கு மேலே அப்படியே நின்றது. எனக்குப் பவுண்டரியில் அவர் சொன்னது காதில் விழுந்தது. இந்தத் தடவை நான் நிஜமாகவே மூச்சை விடவில்லை.

கை இறங்கியது. தோளில் தொடங்கி இடுப்பு வரைக்கும் அந்த உள்ளங்கை நுரையை வழித்துக்கொண்டு மெல்லப் போனது. குழந்தை அழவில்லை. கழுத்தைத் திருப்பி யாரென்று பார்த்துவிட்டு, நிம்மதியாக அவர் காலின்மேலேயே மூத்திரம் போனாள். கிணற்றடி மொத்தமும் சிரித்தது. எதிர்வீட்டு அக்கா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. குழந்தையின் முதுகில் விரல் நுனியை வைத்து மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏமே, இங்க வந்து பாரு. இவ முதுவுல பூனை முடி கீது. உனக்குத் தெரியுமா?"

அவள் பிறந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாது என்று தலையை ஆட்டினேன்.